கும்பிடுகிற அணில்

அன்று காலை சிவகரன் ஜன்னலைத் திறந்தபோது மதில்மேல் இருந்த அணில் ஓடவில்லை.

நுவரெலியா கடைவீதிக்குப் பின்னால், மாமனாரின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குக் குடிவந்த நாள் முதலாக அவன் அந்த ஜன்னலைத் திறந்துகொண்டுதான் இருக்கிறான். ஈரத்தில் ஊதிப்போன பலகைக் கதவு தள்ளும்போது ஒரு முனகலோடு திறக்கும். ஓர் ஆள் போகும் அகலமே உள்ள சந்து கீழே. கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், மண்சரிவைத் தாங்கக் கட்டிய பாசி பிடித்த மதில். அதன்மேல் சாய்ந்து நிற்கும் கிழட்டு சைப்பிரஸ் மரம். கதவின் முனகல் கேட்டதும் மதிலில் கடலைத் தோலைக் கிளறிக்கொண்டிருக்கும் அணில்கள் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குள் பாய்ந்துவிடும். அப்புறம் கெமராவை ஜன்னல் கட்டையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்வரை இருக்க வேண்டும். அணில் படம் எடுக்கிறவனுக்குப் பாதி வேலை அந்த இருப்புத்தான்.

இன்று அது ஓடவில்லை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று அவனைப் பார்த்தது.

பழக்கதோஷத்தில் கெமராவை எடுத்தான். அழுத்தினான். அந்தச் சத்தத்துக்கும் அது அசையவில்லை. பிறகு, மிக மெதுவாக, உடம்பைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, பனிக்குள் வடிந்துகொண்டிருந்த கொஞ்ச வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டியது. அவன் வேலை செய்யும் கொமியுனிகேஷன் கடையில் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல. மரத்திலிருந்து இன்னொன்று இறங்கி வந்து அதன் பக்கத்தில் நின்றது. பின்னாலேயே வேறொன்று. ஒன்றும் எதையும் கொறிக்கவில்லை. ஒன்றும் வாலை ஆட்டவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவன் அவன். எத்தனை காலைகள் இதற்காக ஏங்கியிருக்கிறான். ஆனால் நாலைந்து படம் எடுத்ததும் கழுத்துப் பிடரியில் ஏதோ ஊர்ந்தது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஏன் சாத்தினோம் என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

கீழே கடையில் மாமனார் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கலண்டர் வந்துவிட்டது.

*

மாமனார் தம்பையாவின் கடையில் வருஷா வருஷம் கலண்டர் கொடுப்பது வழக்கம். இதுவரைக்கும் கொழும்பிலிருந்து வரும் லட்சுமி படமோ முருகன் படமோதான். இந்த வருஷம் மருமகன் எடுத்த படம். சுருட்டி ரப்பர் வளையம் போட்ட கட்டுகள் அரிசி மூட்டைகளின் மேல் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்து, கல்லாவுக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி தொங்கவிட்டிருந்தார்.

பாசி படர்ந்த மதில். மழைக்குப் பிந்திய மஞ்சள் வெயில். நடுவில் சின்னஞ்சிறு அணில் ஒன்று, பின்னங்கால்களில் உயர்ந்து, முன்னங்கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பியபடி. தேர் அசையும்போது கூட்டத்தில் பின்னால் நிற்கிறவர்கள் கும்பிடுவார்களே, அந்த மாதிரி.

"நம்ம மாப்பிள்ளை புடிச்ச படம்ங்க," என்று சீனி வாங்க வந்தவரிடம் தம்பையா சொல்லிக்கொண்டிருந்தார். "எவ்வளவு பொறுமை வேணும் பாருங்க. அது கும்பிடுற வரைக்கும் காத்துக்கிட்டே நின்னிருக்காரு மனுசன்."

போன வருஷம் வரை இதே கல்லாவில் இருந்து, 'மரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறவரு' என்றுதான் அவனைப் பற்றி அவர் சொல்லுவார். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்தில் பிறந்தவனுக்கு மகளைக் கொடுக்க அவருக்கு மனமே இல்லை. ரூபிகா பிடிவாதம் பிடித்ததால் கொடுத்தார். கொடுத்துவிட்டு மாடியில் குடிவைத்தார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறப் பழகியிருந்தான் சிவகரன்.

கடை வாசலில் லீக்ஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அழகுமுத்து கலண்டரைப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை உதறினான். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது மரக்கறி லொறி ஓட்டுகிறான்.

"அடேய் மச்சான்! லயத்துல இருக்கப்ப ஒரு கோழியக்கூட உனக்குப் புடிக்கத் தெரியாது. ஒனக்குப் போயி அணில் கும்பிடுதாம்ல?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கோழி வேற, இது வேற," என்றார் தம்பையா.

"இல்ல மாமா, நெசமாத்தான் கேக்குறேன். எப்படிடா புடிச்ச?"

படம் பிடித்ததைத்தான் அவன் கேட்டான். அது சிவகரனுக்கும் தெரியும். ஆனாலும் காது மடல்கள் சுட்டன.

"சும்மா... அதுவா நின்னுச்சு," என்றான்.

"பாத்தீங்களா, பெருமையே பேச மாட்டாரு," என்றார் தம்பையா.

அந்தப் பாராட்டு முதுகில் ஈரச் சாக்கைப் போட்டது போல் இறங்கியது. ஒரு கலண்டரை மகளுக்கென்று அவர் நீட்ட, அதை வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். ஏறும்போது இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

*

அது தானாக நிற்கவில்லை.

போன சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளையில்லை என்று ரூபிகா நேர்ந்துகொள்ளச் சொல்ல, சிவகரன் காப்புக் கட்டினான். மஞ்சளில் தோய்த்த நூலை மணிக்கட்டில் பல சுற்றுச் சுற்றி, ஒரு மஞ்சள் துண்டையும் வைத்து முடிந்துவிட்டார் பூசாரி செல்லசாமி. காப்புக் கட்டியவன் மாமிசம் தொடக்கூடாது, ஓர் உயிரை வதைக்கக்கூடாது, காப்பு அவிழ்க்கும் நாள்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. இவையெல்லாம் அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ரூபிகாவும் தம்பையாவும்கூடக் கடையைப் பூட்டிவிட்டுத் திருவிழாவுக்கு வந்து லயத்தில் தங்கியிருந்தார்கள்.

திருவிழா நாளெல்லாம் மழை. விடாத மழை. கடைசி நாள் மத்தியானம் சட்டென்று வானம் திறந்து, தேயிலைக் கொழுந்தெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவனுக்கு மதில்தான் ஞாபகம் வந்தது. பாசியில் அந்த வெயில் விழுந்தால் எப்படி இருக்கும். ஒரே ஒரு நல்ல படம். மாமனார் வாயை அடைக்கிற மாதிரி ஒரு படம்.

காப்போடு எல்லை தாண்ட அவனுக்குத் துணிவு வரவில்லை. அதனால் காப்பைக் கழற்றினான். அதுதான் அவன் செய்த கணக்கு. கையில் காப்பு இல்லாவிட்டால் கட்டுப்பாடும் இல்லை. திரும்பி வந்து மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நூலைச் சுருட்டிக் கெமரா பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அணில்கள் வந்தன. நிற்கத்தான் இல்லை. வெயில் ஒவ்வொரு தகரக் கூரையாக விட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. பால்மா டின்னில் கடலையைப் போட்டு மதிலில் சாய்த்து வைத்தான், கிட்ட வரட்டும் என்று மட்டும்தான். ஒன்று தலையை உள்ளே விட்டபோது அவன் கை தானாகவே போய் டின்னை நிமிர்த்தி மூடியது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கைக்குக் காலுறை. பைக்குள் வேறு நூல் இல்லை. மஞ்சள் நூலின் ஒரு முனையால் முன்னங்கைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். மறுமுனையை, சைப்பிரஸ் அடிமரத்தில் யாரோ கொடிகட்ட அடித்திருந்த ஆணியில் மாட்டினான். நூல் கொஞ்சம் குட்டை. அது நிமிர்ந்துதான் நிற்க வேண்டியிருந்தது.

முதலில் துள்ளியது. பிறகு நின்றது.

உள்ளங்கையில் பட்ட அதன் நெஞ்சுத் துடிப்பு, ஒரு சின்ன இயந்திரம் ஓடுவது போல், வெகுநேரம் விரல்களை விட்டுப் போகவில்லை. ஆனால் படம் எடுத்த நேரத்தில் அவன் அதை நினைக்கவே இல்லை. அதுதான் பிற்பாடு அவனை அதிகமாக அரித்தது. அந்த நேரத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான்.

வெயில் போனபோது போன் அடித்தது. அம்மா.

"எங்கடா இருக்க? காப்பு அவுக்க எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க!"

பஸ் புறப்படும் நேரம். காலுறையைத் தேட வேண்டும், கடித்துவிடாமல் பிடிக்க வேண்டும், முடிச்சு வேறு இறுகியிருக்கும். கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், அணிலுக்கு இல்லாத பல்லா. இல்லாவிட்டால் வந்து அவிழ்த்துவிடலாம். ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடினான்.

வரிசையில் அவன் முறை வந்தபோது செல்லசாமி வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"காப்பு எங்கப்பா?"

"குளிக்கிறப்போ அறுந்து ஆத்தோட போயிருச்சுங்க."

அவர் தட்டிலிருந்த காப்புகளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அறுந்துச்சுன்னா ஆத்தா பாத்துக்குவா," என்றார். "கட்டுனத அவுக்காமதான் விடக்கூடாது. யாரு கட்டுனாங்களோ அவங்கதான் அவுக்கணும்."

மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது ரூபிகாவுக்கு முன்னால் மாடியேறி ஜன்னலைத் திறந்தான்.

அது நின்றுகொண்டிருந்தது.

இரவெல்லாம் பெய்த மழையில் ரோமம் உடம்போடு ஒட்டி, பெருவிரல் அளவுக்குச் சுருங்கி, கைகளைத் தலைக்கு மேலே கூப்பியபடி. கண் மூடவில்லை.

ஜன்னலைச் சாத்தினான். கதவு ஊதிப் போய்விட்டது, திறக்க வராது என்று ரூபிகாவிடம் சொன்னான். கொஞ்ச நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது. பூனை தூக்கிப் போயிருக்கும். ஆனால் ஆணியில் நூலும் இல்லை. மதிலடியில் ஒரு துண்டுகூட இல்லை.

படத்தில் இருந்த நூலை அவன் கொமியுனிகேஷன் கம்ப்யூட்டரில் அழித்தான். அடையாள அட்டைப் படங்களில் முகத்துத் தழும்பை அழித்துப் பழகிய கை. ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

*

பகல் முழுக்க அவன் வேலையில் இருந்தான். சாயங்காலம் மாடிக்கு வந்தபோது, சாமிப் படங்கள் இருந்த தட்டில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் கலண்டர் அணிலைக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தாள் ரூபிகா. அதன் நெற்றியில் குங்குமம். முன்னால் விளக்கு.

"என்ன ரூபி இது..."

"ஏன், வச்சா என்ன?" வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி திரும்பினாள். வயிறு நன்றாகவே முன்தள்ளியிருந்தது. "நீங்க காப்புக் கட்டி விரதம் இருந்தீங்க. ஒங்களுக்காக அது கும்பிட்டுச்சு. அதுக்கு அடுத்த மாசமே நமக்குக் கெடைச்சிருக்கு. அப்பாகூட அதத்தான் சொன்னாரு."

"சும்மா ஒரு படம்..."

"ஒங்களுக்குச் சும்மா. எனக்கு அப்படியில்லங்க." அவள் குரல் இறங்கியது. "ஒரு அணிலே ஒங்கள நம்பிக் கிட்ட வந்து நிக்குதுன்னா, என் புள்ளைக்கு வேற என்ன வேணும்? இந்த மாதிரி அப்பன் யாருக்குக் கெடைக்கும்?"

சொல்லிவிட வேண்டும். இப்போதே. அவன் வாயைத் திறந்தான். விளக்கு வெளிச்சம் அவள் கன்னத்தில் ஆடியது. அந்த முகம் மாறுவதை நினைத்துப் பார்த்தான். கோபம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். அவள் கண்கள் மெதுவாக அவன் கைகளுக்கு இறங்கும். அதற்குப் பிறகு எப்போது அவன் பிள்ளையைத் தூக்கினாலும் அந்தக் கண்கள் அவன் கைகளுக்குத்தான் போகும்.

"ரூபி."

"என்னங்க?"

"...ஒண்ணுமில்ல. குடை எடுத்துக்கிட்டுப் போ."

பக்கத்து வீட்டு லெட்சுமியோடு அவள் டவுன் கோயிலுக்குப் புறப்பட்டாள், முதல் கலண்டரைக் கோயிலில் கொடுக்க. படியிறங்கும் செருப்புச் சத்தம், கடையில் ஓடிய ரேடியோவுக்குள் போய்க் கரைந்தது.

*

இருட்ட இன்னும் நேரமிருந்தது. ஆனால் பனி சந்துக்குள் இறங்கிவிட்டது. நுவரெலியாவில் பனி வருவதைப் பார்க்க முடியாது. எதிர்வீட்டுத் தகரம் இல்லாமல் போகும், பிறகு மதிலின் கோடி, பிறகு மரத்தின் உச்சி, அப்புறம் ஜன்னல் கதவில் பதித்த கண்ணாடித் துண்டில் தன் முகம் மட்டும் மிஞ்சும். அறையில் விளக்கெண்ணெய் வாசமும் ஈரச் சுவரின் வாசமும் கலந்து கிடந்தன. கூரைத் தகரத்தில் வழக்கம்போல் குட்டிக் கால்கள் ஓடும் சத்தம், சின்னக் கற்களை யாரோ உருட்டிவிட்டது போல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் மறுபடி இந்தக் கோடிக்கும். அவன் கட்டிலில் உட்கார்ந்து காலையில் எடுத்த படங்களை லேப்டாப்பில் திறந்தான்.

நல்ல படங்கள். அவன் வாழ்நாளில் எடுத்ததிலேயே தெளிவானவை. மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. கண்ணின் கறுப்பு உருண்டையில் அவனுடைய ஜன்னல், ஜன்னலில் அவன்.

நெஞ்சருகே தொங்கிய முன்னங்கைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினான். வெயில் கீற்றாக இருக்கும். ஆனால் காலையில் வெயிலே இல்லை. இன்னும் பெரிதாக்கினான். நூல். பிரி பிரியாகத் தெரிந்தது. கைகளைச் சேர்த்துச் சுற்றி, இரட்டையாகப் போட்டு, அவசரத்தில் பக்கவாட்டில் இழுத்த முடிச்சு. எல்லா மனிதருக்கும் ஒரே கையெழுத்து இருப்பதில்லை, முடிச்சும் அப்படித்தான். அது அவனுடைய முடிச்சு.

அடுத்த படம். இரண்டாவது அணில். அதன் கைகளிலும். அடுத்தது. அதிலும்.

அழித்தான். விரல்கள் தெரிந்த வேலையைச் செய்தன. நூல் போனது, ரோமம் வந்து மூடியது. அடுத்த படத்திலும் நூலை அழித்தான். முதல் படத்துக்குத் திரும்பினான்.

நூல் இருந்தது.

அப்போதுதான் கூரைச் சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தான். எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீழே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எங்கோ வெகு தூரத்தில், மலைக்கு அந்தப்பக்கம் ஓடுவது போல். விளக்கெண்ணெய் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் கிளம்பியது. மஞ்சள். நனைந்த மஞ்சள். அதோடு நனைந்த ரோமம்.

ஜன்னல் பலகையில் ஏதோ உரசியது.

மெதுவாக. விட்டு விட்டு. நகம் இல்லை. இரண்டு கைகள் சேர்ந்து ஒரே கையாகத் தடவுவது போன்ற சத்தம்.

அவன் எழுந்தான். கீழே கடைக்கு ஓடிவிடலாம், அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் கலண்டரும் அங்கே இருக்கிறது. மாமனார் மறுபடியும் யாருக்காவது அந்தப் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜன்னலைத் திறந்தான். கதவு முனகவில்லை.

மதில் நெடுக அணில்கள். பனிக்குள் எதுவரை போகிறது என்று தெரியாத வரிசை. எல்லாம் நிமிர்ந்து, எல்லாம் அவனைப் பார்த்து. நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 'விட்டிருந்தார்கள்' என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அது.

மழையில் சுருங்கியபடியே. பெருவிரல் அளவு. கைகள் தலைக்கு மேலே. நூல் ஆணிவரை விறைத்து நின்றது. ரோமத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, இத்தனை மாதம் கழித்தும்.

அதன் நெஞ்சு துடித்தது.

சிவகரன் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் பயத்துக்கு நடுவில், அவனே எதிர்பாராமல், ஒரு நிம்மதி எழுந்தது. அவிழ்க்கலாம். இன்னும் அவிழ்க்கலாம். கட்டியவன் அவிழ்த்தால் போதும். அதற்காகத்தான் இத்தனையும் வந்து நிற்கின்றன. வேறொன்றுக்கும் இல்லை.

ஜன்னல் கட்டையில் வயிற்றை வைத்துச் சாய்ந்து கையை நீட்டினான். விரலில் ரோமம் பட்டது, ஐஸ் மாதிரி. அதற்குள் அந்தச் சின்ன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சைக் கண்டுபிடித்தான். நகத்தை உள்ளே செருகினான். நூல் ஊறி இறுகியிருந்தது. நெகிழ்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

சந்துக் கோடியில் சிரிப்புச் சத்தம்.

"ஐயோ ரூபி, கலண்டர் முடிஞ்சு போறதுக்குள்ள எங்களுக்கும் ஒண்ணு எடுத்து வையிடி!" லெட்சுமியின் குரல்.

"ஒனக்கு இல்லாததாக்கா? வா, வீட்டுல அவரு கையாலயே வாங்கிக்க."

தெருவிளக்கின் கீழே குடை ஒன்று திரும்பியது.

அவன் கை நின்றது. இன்னும் ஒரு இழுப்புத்தான். ஆனால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். எப்போதும் பார்ப்பாள். ஜன்னல் விளக்கு வெளிச்சத்தில் ஆணி தெரியும், நூல் தெரியும், கட்டப்பட்டிருப்பது தெரியும், கட்டிய கை தெரியும். லெட்சுமியும் பார்ப்பாள். நாளைக்குக் கடைவீதி முழுக்கத் தெரியும்.

அவள் உள்ளே வரட்டும். வந்த பிறகு அவிழ்த்துவிடலாம்.

கையை இழுத்துக்கொண்டான்.

இழுத்த பிறகுதான் அந்தச் சொற்கள் காதில் விழுந்தன. வந்து அவிழ்த்துவிடலாம். அன்றைக்கும் அதே சொற்கள்.

அணில்கள் ஒன்றாகத் தலையைத் திருப்பின. இடப்பக்கம். வெளிச்சத்துக்கு.

நடுவில் இருந்த இடம் காலியாக இருந்தது.

மணிக்கட்டில் ஈரம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. குனிந்து பார்க்க நினைத்தான். அதற்குள் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. பிரித்தான். பிரியவில்லை. கைகள் நெஞ்சுக்கு ஏறின. முகத்துக்கு. நெற்றிக்கு. தோள்மூட்டு நெரிந்தது. தலைக்கு மேலே. ஜன்னல் சட்டத்துக்கு வெளியே, சைப்பிரஸ் மரத்தின் பக்கமாக, மஞ்சளாக ஒன்று விறைத்து நின்றது.

நூல் கொஞ்சம் குட்டை.

குதிகால் தரையை விட்டு எழுந்தது.

"என்னங்க!"

கீழே, விளக்கடியில், ரூபிகா குடையைச் சாய்த்துக்கொண்டு மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அக்கா, அங்க பாரேன். சாமி கும்பிடுறாரு. அந்த அணிலு மாதிரியே!"

ரூபி. சொன்னான். உதடு அசையவில்லை. ரூபி, நூல். நூலைப் பார்.

"ஜன்னல் வெளிச்சத்துல எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் லெட்சுமி.

"அசையாதீங்க. அப்படியே நில்லுங்க." அவள் பைக்குள் போனைத் தேடினாள். குரலில் அத்தனை ஆசை. "ஒரு நிமிசம்ங்க, அசையாதீங்க."

வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சத்தில் மதில் முழுக்கக் கறுப்புக் கண்கள் எரிந்து அணைந்தன. பெண்கள் இருவருமே அணில்களைப் பார்க்கவில்லை, நூலைப் பார்க்கவில்லை. ரூபிகா படத்தைப் பார்த்துவிட்டு, அவனுக்குக் காட்டுவதற்காகப் போனை உயர்த்தித் திருப்பிப் பிடித்தாள். பனிக்குள் அந்தச் சின்னச் சதுரம் ஒளிர்ந்தது. மஞ்சள் ஜன்னல். அதில் ஒரு மனிதன், கைகளைத் தலைக்கு மேலே கூப்பியபடி, கண்கள் அகன்று, தன்னை மறந்து.

நூல் எங்கும் இல்லை. சுத்தமாக அழித்தது போல் இருந்தது.

"நீங்க நல்லாக் கும்பிடுங்க, நாங்க இப்ப வரல," என்றாள் ரூபிகா. "இத அப்பாகிட்டக் காட்டிட்டு வாறேன்."

செருப்புச் சத்தம் கடைப்பக்கம் போனது. ரேடியோ. யாரோ சிரித்தார்கள். தம்பையாவின் குரல் பெருமையாக ஏதோ சொன்னது.

மழை பிடித்தது. முதலில் தகரத்தில், பிறகு பாசியில், பிறகு திறந்த ஜன்னல் வழியாக அவன் முகத்தில், சட்டையில், நுனிவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த காலில். மதில்மேல் அணில்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஒன்றுக்கும் அவசரமில்லை. அவனைப் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அவை காத்திருக்கத் தொடங்கின.